கொளுத்தும் வெயிலிலும் குளிரும் சிசு

மரக்காணம் உப்பளக் கரையில் பிறக்கும் குழந்தைக்கு முதலில் வேண்டியது எது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு, மரக்காணம் வந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கட்டம் கட்டமாகப் பாத்திகள். பாத்தியில் தேங்கிய நீர் கண்ணாடி போல் பளபளக்கும். கரையில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். தை, மாசியில் தொடங்கும் வேலை ஐப்பசி மழையோடு நின்றுவிடும். சித்திரை, வைகாசியில்தான் உப்பு அமோகமாக விளையும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, விடியும் முன்பே ஆணும் பெண்ணும் அளத்தில் இறங்கிவிடுவார்கள்.

இந்த வெயில் பூமியில் ஒரு குழந்தை பிறக்கிறது. பிறந்த நிமிஷத்திலேயே அதைச் சூழும் ஆபத்து ஒன்று உண்டு. அது என்ன?

குளிர்!

சித்திரை மாதத்தில் குளிரா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வியர்த்து நனைந்த உடம்பில் கடற்காற்று பட்டால் உடம்பு சிலிர்க்கிறதே, ஏன்? நீர் ஆவியாகும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பாத்தி நீரை வற்றவைத்து உப்பாக்கும் அதே வேலைதான். தாயின் வயிற்றில் கதகதப்பாக இருந்த சிசு, உடம்பெல்லாம் ஈரத்தோடு வெளியே வருகிறது. அந்த ஈரம் ஆவியாகத் தொடங்கும். மேலே மின்விசிறி வேறு சுற்றிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

பெரியவர்களுக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கும். சிசுவுக்கு நடுங்கத் தெரியாது. உடம்பில் கொழுப்பும் குறைவு. எடைக்குத் தோலின் பரப்போ அதிகம். சூடு நிமிஷத்துக்கு நிமிஷம் இறங்கும். பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்ஷியஸ் வரை இருக்க வேண்டும். பழைய கணக்கில் 97.7 முதல் 99.5 டிகிரி பாரன்ஹீட். அதற்குக் கீழே போனால், உடம்பிலுள்ள சொற்பச் சர்க்கரையையும் பிராணவாயுவையும் எரித்துச் சூடேற்றப் பார்க்கும். சர்க்கரை தீர்ந்தால் குழந்தை துவளும். துவண்ட குழந்தை பால் குடிக்காது. பால் குடிக்காத குழந்தை மேலும் குளிரும். இந்தச் சுழலில் சிக்கி, சத்தமே இல்லாமல் போய்விட்ட குழந்தைகள் எத்தனையோ!

2022-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 23 லட்சம் குழந்தைகள் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்தன. முக்கால்வாசிச் சாவுகள் முதல் வாரத்திலேயே நேர்கின்றன. தமிழ்நாடு இதில் எவ்வளவோ தேவலாம். 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி, 1,000 குழந்தைகள் பிறந்தால் முதல் மாதத்தில் இறப்பவை 9. இந்தியா முழுவதற்கும் அந்தக் கணக்கு 20. தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. ஆனாலும் அந்த ஒன்பதில் ஒன்றாகத் தன் பிள்ளை போவதை எந்தத் தாய் பொறுப்பாள்?

வெயிலில் உழைத்த வயிறு

உப்பளக் கரையில் கவலை பிரசவத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் தொடங்கி, தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் என்று அனலில் உழைத்தவர்கள் ஒரு பக்கம். நிழலில் வேலை பார்த்தவர்கள் மறுபக்கம். 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். அனலில் உழைத்தவர்களுக்குக் கரு கலையும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு!

நாள் முழுவதும் வெள்ளை உப்பின் மேல் பட்டுத் திரும்பும் வெயில், மேலிருந்தும் அடிக்கும், கீழிருந்தும் அடிக்கும். குடிதண்ணீரை வீட்டிலிருந்து எடுத்துப் போக வேண்டும். ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரையே குறைத்துக் குடிக்கும் பெண்களும் உண்டு. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு இது ஆகவே ஆகாது. நிழலும் நீரும் ஓய்வும் அவளுக்கு மருந்துக்குச் சமம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள மகப்பேறு உதவித் தொகை 2018-ல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. கூலியை நம்பியிருக்கும் பெண் சில மாதமாவது வேலையை விட்டு இருக்கட்டும் என்பதே அதன் நோக்கம்.

குறை மாதத்திலோ, இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகவோ குழந்தை பிறந்தால் மேலே சொன்ன குளிர் ஆபத்து பல மடங்காகும்.

அந்த ஒரு நிமிஷம்

பழைய சினிமாக்களில் பார்த்திருப்பீர்கள். குழந்தை பிறந்ததும் நர்ஸ் அதன் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவார். முதுகில் ஓர் அடி. குழந்தை வீல் என்று அழும். கொட்டகையில் எல்லாருக்கும் நிம்மதி!

இப்போது இதைச் செய்யக்கூடாது என்கிறார்கள். அடி வேண்டாம், துண்டு போதும். உலர்ந்த, சுத்தமான துணியால் தலை முதல் கால் வரை ஒற்றித் துடைக்க வேண்டும். துடைப்பதே குழந்தையைத் தூண்டிவிடும். பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே மூச்சு விட்டு அழுதுவிடும். சில குழந்தைகளுக்கு முதுகை லேசாகத் தேய்த்துவிட வேண்டியிருக்கும். அப்படியும் மூச்சு வராத குழந்தைகள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து. அவற்றுக்கு ஒரு நிமிஷத்துக்குள், முகத்தில் மூடியை வைத்து, ரப்பர்ப் பையை அமுக்கிக் காற்றுச் செலுத்த வேண்டும். ஒரு நிமிஷம் என்றால் ஒரு நிமிஷம்தான். பையைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. அதனால்தான், எந்தப் பிரசவமானாலும் பை முன்கூட்டியே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி.

தானே விரிந்துகொள்ளும் அந்தப் பையை 1956-ல் டென்மார்க்கில் செய்தார்கள். பிராணவாயு சிலிண்டர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பலர் கவலைப்பட்டதுண்டு. டில்லி டாக்டர்கள், வெளிநாட்டு நிபுணர்களோடு சேர்ந்து, சாதாரணக் காற்றையே செலுத்திப் பார்த்து 1993-ல் எழுதினார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அறையிலுள்ள காற்றே போதும் என்று தெரிந்தது. சிலிண்டர் இல்லாத சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு அது எவ்வளவு பெரிய சேதி!

அழுத குழந்தையின் தொப்புள்கொடியை உடனே வெட்டுவதற்கு அவசரம் வேண்டாம். ஒன்று முதல் மூன்று நிமிஷம் பொறுத்தால், நஞ்சிலிருந்து மேலும் கொஞ்சம் ரத்தம் குழந்தைக்கு வந்து சேரும். பின்னாளில் சோகை வராமல் காக்கும் இரும்புச்சத்து அதில் இருக்கிறது.

மார்புதான் அடுப்பு

துடைத்த ஈரத்துணியை எறிந்துவிட்டு, குழந்தையை எங்கே வைப்பது? தராசிலா? தொட்டிலிலா?

தாயின் மார்பில்! துணி எதுவும் நடுவில் இல்லாமல், தோலோடு தோலாக. மேலே உலர்ந்த துணியால் இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். குழந்தையின் தலைக்குக் குல்லாய். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். எடை பார்ப்பதும், சொந்தக்காரர்களிடம் காட்டுவதும் அப்புறம் ஆகட்டும்.

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டா. அங்கே ஒரு பெரிய பிரசவ ஆஸ்பத்திரி. குறைமாதக் குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் பல குழந்தைகள். ஒன்றிடமிருந்து ஒன்றுக்கு நோய் தொற்றியது. 1978-ல் எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர் ஒரு யோசனை செய்தார். கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்துக்கொள்வதுபோல், தாயே குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டால் என்ன?

பெட்டிக்கு மாற்றாகத்தான் அதைத் தொடங்கினார்கள். அது பெட்டியையே மிஞ்சிவிட்டது. டில்லி உட்பட ஐந்து நாடுகளிலுள்ள ஆஸ்பத்திரிகளில், உலக சுகாதார நிறுவனம் 3,000-க்கு மேற்பட்ட எடை குறைந்த குழந்தைகளை வைத்துச் சோதித்தது. பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைக்கப்பட்ட குழந்தைகளில் சாவு கால்பங்கு குறைந்தது. 2021-ல் வெளிவந்த முடிவு இது. தாய் களைத்திருந்தால் தந்தையோ பாட்டியோ அதைச் செய்யலாம். சூடு எல்லார் மார்பிலும் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதும் இதுவே வழி. மரக்காணத்திலிருந்து மேற்கே திண்டிவனத்துக்கோ, தெற்கே புதுச்சேரி ஜிப்மருக்கோ 30 கிலோமீட்டருக்கு மேல். முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் தள்ளி. 108 வண்டியில் அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் குழந்தை குளிர்ந்துவிடக் கூடாது அல்லவா?

பிறந்தவுடன் குளிப்பாட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. ஒரு நாள், அதாவது 24 மணி நேரம், பொறுக்கச் சொல்கிறார்கள். உடம்பில் வெண்ணெய் போல் ஒட்டியிருப்பது அழுக்கல்ல. தோலைக் காக்கும் பூச்சு.

தண்ணீர் வேண்டாம், உப்பும் வேண்டாம்

"பிள்ளைக்கு நாக்கு வறண்டு கிடக்குதே, ஒரு சங்கு தண்ணி குடுத்தா என்ன?" வெயில் காலத்தில் எந்தப் பாட்டியும் கேட்கக்கூடிய கேள்விதான் இது. பேரப்பிள்ளை மேல் உள்ள ஆசையில் கேட்கிறார்.

தேவையில்லை. தாய்ப்பாலிலேயே பெரும்பகுதி தண்ணீர்தான். முதல் நாள் குழந்தையின் வயிறு கொள்வது ஒன்றிரண்டு தேக்கரண்டி அளவே. அந்த இடத்தைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் பாலுக்கு இடம் ஏது? கடலோரத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. பல இடங்களில் நிலத்தடி நீரே உவர்ப்பு. பெரியவர்களின் சிறுநீரகம் அதிக உப்பை வெளியேற்றிவிடும். சிசுவின் சிறுநீரகம் இன்னும் முதிராதது. ரத்தத்தில் உப்பு ஏறினால் மூளையைத் தாக்கும். வலிப்பு வரும்.

உப்பு எப்படிப்பட்டது என்பதற்கு 1962-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு துயரம் சாட்சி. நியூயார்க் மாநிலத்தில் பிங்காம்டன் என்ற ஊர். ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குப் பால் கலக்கும் அறை. சர்க்கரை டப்பாவில் யாரோ தவறுதலாக உப்பைக் கொட்டிவிட்டார்கள். அந்தப் பாலைக் குடித்த குழந்தைகளில் ஆறு இறந்துபோயின. சமையலறையில் ஒரு சிட்டிகை என்று அலட்சியமாக அள்ளும் பொருள்தான்!

முற்காலத்தில் பிறந்த குழந்தையின் உடம்பில் உப்பைத் தேய்க்கும் வழக்கம் மேற்கு ஆசியாவில் இருந்தது. விவிலியத்தில்கூட அதைப் பற்றிப் பேச்சு வருகிறது. தோல் உறுதிப்படும் என்று கிரேக்க வைத்தியர்கள் நம்பினார்கள். துருக்கி டாக்டர்கள் இந்தக் காலத்திலும் அப்படித் தேய்க்கப்பட்டு, ரத்தத்தில் உப்பு ஏறிய சிசுக்களைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

உப்பே கொடுக்காமலும் உப்பு ஏறலாம் என்பதுதான் விசித்திரம். பால் சரியாகக் குடிக்காத குழந்தையின் உடம்பில் நீர் வற்றும். வற்ற வற்ற, பாத்தியில் நடப்பதுதான் ரத்தத்திலும் நடக்கும். முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு வாரக் குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்தால், பால் போதுகிறது என்று தாய் நிம்மதியாக இருக்கலாம்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்துவிட வேண்டும். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடுகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் நிறைந்திருக்கிறது. சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால், வசம்பு உரைத்துப் புகட்டுவது, எதுவும் ஆறு மாதத்துக்கு வேண்டாம். குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் சேனை வைத்தால் அந்தக் குணம் வரும் என்பது நம்பிக்கை. நல்ல குணம் வரட்டும். அந்த விரலிலிருந்து கிருமி வராமல் இருக்க வேண்டுமே! ஆசீர்வாதம் செய்ய நெற்றி இருக்கிறது.

கொடியும் ஊசியும்

தொப்புளில் எதையும் வைக்கக்கூடாது. சாம்பல், மஞ்சள், விபூதி, எண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமாக, உலர்வாக, காற்றுப் பட விட்டால், ஓரிரு வாரத்துக்குள் தானே உதிர்ந்துவிடும். துருப்பிடித்த அரிவாளும் அழுக்குத் துணியும் இந்த நாட்டில் ஒரு காலத்தில் எத்தனை சிசுக்களை இழுப்பு ஜன்னியில் கொண்டுபோயின! கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியும், சுத்தமான பிரசவமும் வந்து அதை விரட்டின. சிசுக்களின் இழுப்பு ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இந்த இடத்தில் உப்புக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். கொடி உதிர்ந்த பிறகு சில குழந்தைகளுக்கு அந்த இடத்தில் ஈரமான சிவந்த சதை ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். அதன் மேல் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பை வைத்துக் கொஞ்ச நேரம் மூடி, பின் துடைத்துவிட்டால், உப்பு நீரை உறிஞ்சிச் சதை சுருங்கிவிடும். இந்திய டாக்டர்கள் 1980-களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆனால் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் செய்யலாம். குடலோடோ, சிறுநீர்ப் பையோடோ தொடர்புள்ள வேறு கோளாறும் பார்ப்பதற்கு அப்படியே இருக்கும்!

பிறந்த அன்றே தொடையில் போடுவது வைட்டமின் கே ஊசி. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைக்கு 1 மில்லிகிராம். ரத்தம் உறைவதற்கு வேண்டிய இந்தச் சத்து, சிசுவின் உடம்பில் மிகக் குறைவு, தாய்ப்பாலிலும் குறைவு. ஊசி போடாவிட்டால் சில குழந்தைகளுக்கு மூளைக்குள்ளேயே ரத்தம் கசிந்துவிடும். டென்மார்க் விஞ்ஞானி ஹென்ரிக் டாம், கோழிக்குஞ்சுகளுக்கு ரத்தம் கசிவதைக் கவனித்து இந்த வைட்டமினைக் கண்டார். 1943-ம் ஆண்டின் நோபல் பரிசு அதற்குத்தான். அதோடு கல்லீரல் அழற்சிக்கான பி வகைத் தடுப்பூசி 24 மணி நேரத்துக்குள். காச நோய்க்குப் பி.சி.ஜி.; இளம்பிள்ளைவாதத்துக்கு இரண்டு சொட்டு.

மஞ்சளும் சூரியனும்

பிறந்த இரண்டு மூன்று நாளில் பல குழந்தைகளுக்கு உடம்பு மஞ்சளாகும். பெரும்பாலும் தானே வடிந்துவிடும். சில குழந்தைகளுக்கு மட்டும் அந்த மஞ்சள் மூளைக்கு ஏறி, காது கேளாமலும் கைகால் வழங்காமலும் செய்துவிடும்.

இங்கிலாந்தில் ராச்போர்டு ஆஸ்பத்திரி. வெயிலில் நம்பிக்கையுள்ள வார்ட் என்ற நர்ஸ், நல்ல நாட்களில் குறைமாதக் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். 1956-ல் ஒரு நாள், ஒரு குழந்தையை டாக்டர்களிடம் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளுத்திருக்க, துணி மூடிய ஒரு முக்கோணம் மட்டும் அழுத்தமான மஞ்சளாக இருந்தது! இன்னொரு தடவை, ஜன்னலோரம் வெயிலில் மறந்து வைத்த ரத்தக் குழாயில் மஞ்சள் குறைந்திருந்தது. வெளிச்சம் மஞ்சளைக் கரைக்கிறது என்று 1958-ல் உலகத்துக்குத் தெரிவித்தார்கள். இன்று ஆஸ்பத்திரிகளில் நீல விளக்கின் கீழ் குழந்தைகளைக் கிடத்துவது அந்த முற்றத்தில் பிறந்த வைத்தியம்.

அப்படியானால் மரக்காணத்து வெயில் போதாதா? போதாது. இங்கிலாந்து வெயில் வேறு, உப்பு விளைவிக்கும் வெயில் வேறு. சிசுவின் தோல் வெந்துவிடும், நீர் வற்றிவிடும். வேண்டிய நீல ஒளியை மட்டும் அளவோடு கொடுக்க விளக்கால்தான் முடியும். முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானாலும், காலை வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

வீடு தேடி வருகிறவர்

மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி ஒரு பின்தங்கிய மாவட்டம். அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி அங்கே 39 கிராமங்களில், ஊர்ப் பெண்களுக்கே சிசுப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தார்கள். மூச்சை எண்ணுவது, சூடு பார்ப்பது, எடை பார்ப்பது, பையால் மூச்சுக் கொடுப்பது, நோய் கண்டால் மருந்து கொடுப்பது. மூன்றே ஆண்டுகளில் சிசுச் சாவு 62 சதவீதம் குறைந்தது. 1999-ல் இதைப் படித்து மருத்துவ உலகம் வியந்தது.

அந்த முறையைத் தழுவி 2011-ல் இந்தியா முழுவதற்கும் ஒரு திட்டம் வந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். பார்க்க வருகிறவர் குழந்தையைத் துணியில் தொங்கவிட்டு எடை பார்ப்பார். ஒரு நிமிஷம் முழுவதும் மூச்சை எண்ணுவார். அறுபதோ அதற்கு மேலோ போனால் ஆபத்து. நெஞ்சு உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும், வலிப்பு வந்தாலும், கை கால் சில்லிட்டாலும், உடம்பு கொதித்தாலும், தொப்புளைச் சுற்றிச் சிவந்தாலும் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

தாய்மார் கூலிக்குத் திரும்பும் நாளும் வந்துவிடும். பால் கட்டி ரவிக்கை நனைய நனைய உப்பு சுமப்பது பெரிய வேதனை. புறப்படும் முன் பாலைக் கையால் பீய்ச்சி, மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில், வீட்டின் நிழலான, குளிர்ந்த மூலையில் வைத்துவிட்டுப் போகலாம். கடலோர வெயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. பாட்டி அதைப் பாலாடையில் புகட்டுவார். பாட்டிமார் காலத்துப் பாலாடைதான் இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் குறைமாதக் குழந்தைகளுக்கும் புகட்டப் பயன்படுகிறது! புட்டியும் ரப்பர்க் காம்பும் அங்கே உள்ளே வர முடியாது. இடுக்குகளில் கிருமி தங்கும். பாலாடையில் இடுக்கே இல்லை. ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவி, பத்து நிமிஷமாவது கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும்.